எந்த ஏழு மணி?

சிங்கப்பூரில் முப்பது வருஷம் குப்பை கொட்டியும் ஒரு கேள்விக்குக்கூட ‘ஆமாம்’ என்றோ ‘இல்லை’ என்றோ பதில் சொல்லாத மனிதர் ஒருவர்தான் உண்டு. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, சம்பளம் கொடுத்த அலுவலகத்துக்குத்தான் தெரியும். எங்களுக்கு அவர் ‘அநேகமா’. முகத்துக்கு நேரே ‘அண்ணே’, அந்தப் பக்கம் திரும்பினால் ‘அநேகமா’. இரண்டுக்கும் அவர் திரும்பிப் பார்ப்பார்.

இன்றைக்கு லிட்டில் இந்தியா என்று வெளிநாட்டுக்காரர்கள் படம் எடுத்துக்கொண்டு திரிகிற இடத்தில், அப்போது ஒரு அரிசிக்கடை மாடியில் நாங்கள் ஏழெட்டுப் பிரம்மச்சாரிகள் குடியிருந்தோம். ஐம்பதுகள் முடிந்து அறுபதுகள் தொடங்கிய சமயம். எல்லோரும் தமிழ்நாட்டுப் பக்கத்து ஆட்கள். அநேகமா மட்டும் யாழ்ப்பாணம். வயதிலும் எங்களைவிடப் பெரியவர். ஒல்லி உடம்பு, வெள்ளைச் சட்டை, காதில் ஒரு பென்சில். குளிக்கும்போதுகூட அந்தப் பென்சில் அங்கேதான் இருக்கும் என்று சமையல்கார நாயர் சத்தியம் செய்வார்.

“அண்ணே, மழை வருமா?”

“அநேகமா.”

இந்தப் பதிலைச் சொல்லிவிட்டுக் குடையைப் பாதி விரித்துப் பிடித்துக்கொண்டு சிராங்கூன் சாலையில் நடப்பார். நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

“அண்ணே, சாப்பிட்டாச்சா?”

“அநேகமா.”

“இதுல என்னண்ணே அநேகமா? வயித்தைக் கேட்டாத் தெரியாதா?”

“தம்பி, வயிறும் ஒரு சாட்சிதானே. அது எத்தினை நாள் பொய் சொல்லியிருக்குது!”

இப்படிப்பட்ட மனிதரை எந்த அலுவலகம் வைத்துச் சோறு போடும் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். நிலம் அளக்கிற அலுவலகத்தில் கணக்குப் போடுவது அவர் வேலை. அளப்பவர்கள் சங்கிலியையும் தொலைநோக்கி மாதிரி ஒரு கருவியையும் தூக்கிக்கொண்டு வெயிலில் போவார்கள். ஒரே நிலத்தைப் பல தடவை அளப்பார்கள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை வரும். அத்தனை விடைகளையும் கொண்டுவந்து விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் இவர் தலையில் கொட்டுவார்கள். இவர் அதிலிருந்து ஒரு விடையைத் தேற்ற வேண்டும்.

“சராசரி எடுத்துட வேண்டியதுதானே?” என்றேன், ஏதோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “காலமை நிதானமா அளந்தவனையும், மத்தியானம் பசியோட அளந்தவனையும் ஒண்டா வைக்கேலுமோ? ஆளாளுக்கு ஒரு எடை இருக்குது தம்பி. நல்லா அளக்கிறவனுக்குக் கூட, அரைகுறைக்குக் குறைய. பிறகு, எந்த விடையை உண்மை எண்டு வச்சால் இத்தினை பேரும் சொன்னது ஆகக் குறைஞ்ச அளவுக்குப் பொய்யாகுதோ, அதுதான் விடை.”

“அதுதான் சரியான விடையா?”

“சரியான விடை கடவுளுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரிஞ்சது, எது அநேகமா சரி எண்டதுதான்.”

இதை அலுவலகத்தோடு வைத்துக்கொண்டிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருக்காது. மனிதர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்தார். ஒரு நாள் சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறதா என்று நாயர் வாய் தவறிக் கேட்டுவிட்டார். அநேகமா உடனே எங்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றி, கருத்துக் கேட்டார். வெற்றிலை போடுகிறவனின் நாக்குக்கு எடை குறைவு. காய்ச்சலில் கிடந்தவனுக்கு இன்னும் குறைவு. நாயர் தன் சாம்பாரைத் தானே குறை சொல்ல மாட்டார் என்பதால் அவருக்கு எடையே கிடையாது. சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் கணக்குப் போட்டு, உப்பு இன்னும் அரைக்கரண்டி வேண்டும் என்று அவர் கண்டுபிடித்தபோது சட்டியில் சாம்பார் இல்லை. நாயர் அன்று முழுக்க மலையாளத்தில் மட்டும் பேசினார்.

அந்த எடை விஷயம்தான் எங்களைப் படுத்தியது. மாடியில் ஒவ்வொருவருக்கும் அவர் மனதில் ஒரு எடை வைத்திருந்தார். பத்துக்கு இத்தனை என்று கணக்கு. அதைத் தெரிந்துகொள்ளப் பயம், தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் முடியாது. எனக்கு ஆறு. கதை எழுதுகிறேன் என்று தெரிந்த பிறகு நாலாக இறக்கிவிட்டார். என் அறைத்தோழன் செல்வத்துக்கு மட்டும் ஒன்பது. செல்வம் ஒரு ரப்பர் கம்பெனியில் டைப்பிஸ்ட். பார்த்ததைப் பார்த்தபடி சொல்வான். நாலு பேர் நடுவில் அதை நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொள்வான்.

அப்படிப்பட்ட செல்வம் ஒரு நாள் சாயங்காலம் வந்து, தேக்கா மார்க்கெட் பக்கம் மிளகாய்த் தூள் வாங்கப் போன இடத்தில் உலகத்திலேயே அழகான பெண்ணைப் பார்த்துவிட்டதாகச் சொன்னான். அநேகமா காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

“உலகத்திலேயே எண்டு எப்பிடிச் சொல்லுறாய்? எத்தினை பேரைப் பாத்தனி?”

அன்றே செல்வத்தின் எடை ஒன்பதிலிருந்து ஒன்றுக்கு விழுந்தது.

பெண் யாரென்றால், பக்கத்து எருமை ரோட்டில் மசாலா மில் வைத்திருந்தவரின் மகள் கமலா. தாயில்லாப் பெண். அத்தைதான் வளர்த்தாள். கமலாவுக்கு வந்த வரனெல்லாம் ஜாதகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது, ஏனென்றால் அவளுக்கு மூல நட்சத்திரம். மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது என்று ஊரெல்லாம் ஒரு பேச்சு. மாப்பிள்ளையின் அப்பா உயிரோடு இருக்கிற எந்த வீட்டிலும் அவளுக்கு இடமில்லை.

செல்வத்துக்கு அப்பா இல்லை. யுத்தத்துக்குப் பிறகு காலமாகிவிட்டார். தீவின் வட கோடியில், செம்பவாங்கில், அண்ணன் மாணிக்கத்தோடு இருந்த அவன் அம்மா தனபாக்கியம், “போனவரை இன்னொரு தடவை யாரு கொண்டு போகப் போறா? மூலம்னா மூலம். பேசி முடிங்க” என்று சொல்லிவிட்டார். மில்காரர் அந்த வாரம் வந்தவர்களுக்கெல்லாம் மிளகாய்த் தூளைக் கை தாராளமாக அள்ளிப் போட்டார்.

தட்டு மாற்ற நாள் குறித்தாயிற்று. நாங்கள் செய்த ஒரே தவறு, நிச்சயதார்த்தம் என்று பெயர் வைத்த ஒரு விசேஷத்துக்கு அநேகமாவைக் கூட்டிக்கொண்டு போனது.

மில்லுக்கு மேலேதான் வீடு. மல்லி, மிளகாய் வாசனையில் வந்தவர்களெல்லாம் தும்மிக்கொண்டே உட்கார்ந்தோம். பாயில் தாம்பாளங்கள், தேங்காய், பழம். மாணிக்கம் கடற்படைத் தளப் பட்டறையில் இரும்பு அடிக்கிறவர். ஆள் பெரிய உருவம், ஆனால் வாயைத் திறந்து பேசமாட்டார். சாப்பிடத்தான் திறப்பார். அவர் கையில் ஒரு வடை. புரோகிதர் கமலாவின் ஜாதகத்தை எடுத்து ராகம் போட்டு வாசித்தார்.

“அன்னிக்குக் காலை, நம்ம ஊர்ப் பழைய நேரப்படி ஆறரை மணி வரைக்கும் கேட்டை. அதுக்கு மேல மூலம். பெண் ஜனனம் காலை ஏழு மணி. ஆகவே மூலம்.”

“ஐயா, ஒரு சின்னச் சந்தேகம்” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அநேகமாவின் பென்சில் காதில் இல்லை, கையில் இருந்தது. “பிள்ளை பிறந்தது ஜப்பான்காரன்ர காலத்திலேயல்லோ? எந்த ஏழு?”

“ஏழுன்னா ஏழு. அதுல என்ன எந்த?” என்றார் மில்காரர்.

“ஜப்பான்காரன் வந்த உடன மணிக்கூடு எல்லாத்தையும் தோக்கியோ நேரத்துக்கு மாத்தச் சொன்னவன். ஒண்டரை மணித்தியாலம் முன்னுக்கு. அந்த மணிக்கூட்டில ஏழு எண்டால், பழைய நேரத்தில அஞ்சரை.”

அஞ்சரை என்றால் ஆறரைக்கு முன்னால். மூலமில்லை, கேட்டை. அந்தக் கணக்கு அறையில் இருந்த ஒவ்வொரு தலையிலும் ஓடி முடிகிற வரைக்கும் ஒருவரும் தும்மவில்லை. ஊர்ப் பேச்சில் கேட்டைக்கும் ஒரு பலி உண்டு. கேட்டையில் பிறந்த பெண் புருஷனின் அண்ணனுக்கு, அதாவது மச்சாண்டாருக்கு, ஆகாது.

எல்லோரும் மாணிக்கத்தைப் பார்த்தார்கள். அவர் வாயில் இருந்த வடை உள்ளே போவதா வெளியே வருவதா என்று தெரியாமல் நின்றது.

தனபாக்கியம் அம்மா எழுந்துவிட்டார். “எனக்கு இருக்கறதே ரெண்டு புள்ளைங்க. ஒருத்தனுக்குக் கல்யாணம் பண்ணப் போயி இன்னொருத்தனைப் பறிகொடுக்கச் சொல்றீங்களா? எந்த ஏழுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. அப்புறம் தட்டு மாத்தலாம்.”

மில்காரர் அநேகமாவை உரலில் போட்டு இடிக்கிற பார்வை பார்த்தார். செல்வம் என்னைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்போது உள்ளறையிலிருந்து பட்டுப்புடவையோடு கமலாவே வெளியே வந்தாள். அந்தக் காலத்தில் பெண் இப்படி வருகிற வழக்கமில்லை. நேரே அநேகமாவிடம் வந்தாள்.

“நீங்கதானே கேட்டீங்க, நீங்களே கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. ஆனா உள்ளதைச் சொல்லுங்க. மாத்திச் சொல்லிட்டு இவங்க வீட்டுக்குப் போனா, நாளைக்கு இவங்க அண்ணனுக்கு ஜலதோஷம் புடிச்சாலும் எல்லாரும் என்னையத்தான் பார்ப்பாங்க. நானும் என்னைத்தான் பார்ப்பேன்.”

அநேகமா எழுந்து நின்றார். எங்கள் மாடிக்கு எந்த உத்தியோகஸ்தர் வந்தாலும் அவர் எழுந்ததில்லை. “சரி பிள்ளை. உள்ளதைச் சொல்லுறன்” என்றார். அந்தத் தடவை ‘அநேகமா’ போடவில்லை என்பதை நான் வெகு நேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

மறுநாளே விசாரணை தொடங்கியது. என்னையும் இழுத்துக்கொண்டு போனார். முதல் சாட்சி மில்காரர். அவர் மார்பைத் தட்டினார்.

“எருமை ரோட்டுல எல்லாவனும் கடிகாரத்தை மாத்தினான். நான் ஒருத்தன்தான் மாத்தல. ஜப்பான்காரனுக்காக என் கடிகாரத்து முள்ளைத் தொடுவேனா? ஏழு மணி. நல்ல வெயிலு.”

இதை அவர் பல வருஷமாக, மிளகாய் அரைக்க வந்த எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். தேக்காவில் அவருக்கு அதனால் ஒரு மரியாதைகூட இருந்தது. இரண்டாவது சாட்சி அவருடைய அக்கா, கமலாவின் அத்தை. அவள் சுளகில் மல்லி புடைத்துக்கொண்டே ஒரே போடாகப் போட்டாள்.

“யாரு, இவனா? தொப்பி போட்ட சிப்பாய் ஒருத்தன் தெருமுனையில வந்ததுக்கே ஸ்டூலைப் போட்டு ஏறி முள்ளைத் திருப்பினான். கை ஆடின ஆட்டத்துல கண்ணாடியே விரிஞ்சுபோச்சு.”

“அக்கா, நீ சும்மா இரு லா!” மில்காரருக்குக் கோபம் வந்தால் பேச்சின் வாலில் சிங்கப்பூர் ‘லா’ ஒட்டிக்கொள்ளும்.

“நான் ஏன்டா சும்மா இருக்கணும்? ஸ்டூலைப் புடிச்சுக்கிட்டவளே நான்தானே!”

அக்காளுக்கும் தம்பிக்கும் அங்கேயே பெரிய சண்டை. ஒரு சாட்சிக்குப் பெருமை, இன்னொரு சாட்சிக்கு ஆத்திரம். இருவருக்கும் எடையைக் குறைத்துவிட்டு, அநேகமா தெருமுனைக் காப்பிக்கடைச் சீனரிடம் போனார். பிரசவத்தன்று வெந்நீர் கேட்டு மில்காரர் அவர் கடைக்குத்தான் ஓடி வந்திருக்கிறார். கல்யாணம் நடந்தாலும் நின்றாலும் அவருக்கு ஒன்றும் இல்லை. ஆகவே நல்ல சாட்சி.

“லாகி கெலாப்” என்றார் சீனர், காப்பியைத் துணியில் வடிகட்டிக்கொண்டே. இன்னும் இருட்டாக இருந்தது என்று மலாயில் சொன்னார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் காப்பியைக் கொட்டினார். மில்காரர் அன்று இடுப்பில் கைலிக்குப் பதில் பெண்டாட்டியின் சிவப்புப் புடவையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாராம்.

அநேகமா திரும்பி வந்து மில்காரரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “அண்டைக்கு நீங்கள் என்ன உடுத்திருந்தியள்?”

மில்காரர் முகம் அவர் அரைக்கிற மிளகாய்த் தூளின் நிறத்துக்குப் போனது. பதில் வேறு வேண்டாம். சீனருக்கு எடை பத்து.

“நல்ல வெயில் எண்டு சொன்னியள். வெளிச்சம் இருந்தால் ஆராவது மனிசியின்ர சீலையைக் கட்டிக்கொண்டு றோட்டுக்கு வருவினமோ?”

மில்காரர் மூட்டை மேல் உட்கார்ந்தார். மெதுவாகச் சொன்னார். “பயம்தான். எல்லாரும் மாத்தினாங்க, நானும் மாத்தினேன். வயித்துப் புள்ளக்காரியை வெச்சுக்கிட்டு வீரம் பேச முடியுமா?”

“அது பயமில்லை ஐயா. அதுதான் சரி” என்றார் அநேகமா. அவர் யாருக்காவது ஆறுதல் சொல்லிப் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

அன்று எங்கள் மாடிச் சுவர் முழுக்கச் சுண்ணாம்புக்கட்டி. தெரியாதது எது, தெரிந்ததில் சந்தேகம் எவ்வளவு, கடிகாரம் எவ்வளவு முன்னால் ஓடியது, பிள்ளை அழுததற்கும் ஒருவர் மணி பார்த்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று எல்லாம் எழுதினார். செல்வம் சுவருக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தான். விடை எங்கே போகிறது என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது.

“அண்ணே, மூலம்னு சொல்லிடுங்கண்ணே. ஒரு வார்த்தைதானே. உங்க காலைப் புடிச்சுக் கேக்குறேன்.”

“தம்பி, எனக்கும் நீ நல்லா இருக்கவேணும் எண்டுதான் ஆசை. ஆனா அந்தப் பிள்ளை உள்ளதைக் கேட்டவள். வாழ்நாள் முழுக்க அவள் பயந்துகொண்டு இருக்கவோ?” செல்வம் அன்று சாப்பிடவில்லை. அநேகமாவும் சாப்பிடவில்லை. நாயர் இரண்டு தட்டையும் எடுத்து வைத்துவிட்டு மலையாளத்தில் ஏதோ சொன்னார். திட்டு மாதிரித் தெரியவில்லை.

விடை கேட்டை. அநேகமாகக் கேட்டை.

இத்தோடு எல்லாம் முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். இரண்டு நாள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்த அநேகமா, மூன்றாம் நாள் காலை குடையை எடுத்துக்கொண்டார்.

“தம்பி, நான் பாதிக் கணக்கைத்தான் போட்டிருக்கிறன். பிள்ளை பிறந்த நேரத்தை ஆயிரம் தரம் சரிபாத்தன். கேட்டைப் பொம்பிளை மச்சாண்டாருக்கு ஆகாது எண்டு சொல்லுறாங்களே, அதை ஆர் அளந்து பாத்தது?”

அடுத்து நடந்ததைத் தேக்கா மார்க்கெட் வெகு நாள் பேசிக்கொண்டிருந்தது. அநேகமா கடை கடையாகப் போய்க் காய்கறி வாங்க வந்த பெண்களிடம், “அம்மா, உங்கட நட்சத்திரம் என்ன? உங்கட புருசன்ர தமையன் சுகமா இருக்கிறாரோ?” என்று கேட்கத் தொடங்கினார். முதல் அம்மாள் முருங்கைக்காயால் அடித்தாள். இரண்டாவது அம்மாள் புருஷனைக் கூப்பிட்டாள். ஒரு மீன்காரர் மீன் வெட்டுகிற கத்தியோடு துரத்தினார். குடை அன்றுதான் முழுசாக விரிந்தது, தலையைக் காப்பாற்ற. கடைசியில் ஒரு போலீஸ்காரர் வந்து தோளைப் பிடித்தார். தமிழ் ஆள். “என்னாய்யா இது, வயசான காலத்துல?” என்றார்.

“ஐயா, உங்கட மனிசிக்கு என்ன நட்சத்திரம்?” என்றார் அநேகமா.

நான் நடுவில் விழுந்து விஷயத்தைச் சொல்லியிருக்காவிட்டால் அவர் கணக்கை லாக்கப்பில்தான் முடித்திருப்பார். ஆனால் விஷயம் தெரிந்த பிறகு மார்க்கெட்டின் முகமே மாறிவிட்டது. பூக்கட்டுகிற அம்மாள் நாரைக் கடித்துக்கொண்டே முதலில் வாயைத் திறந்தாள்.

“எனக்குக் கேட்டைதான். என் மச்சாண்டாரா? தெனம் மத்தியானம் வந்து எங்க வீட்டுச் சோத்தைத்தான் திங்குறாரு. மலை மாதிரி இருக்காரு.”

தயிர் விற்கிறவள், “என் மச்சாண்டார் போயிட்டாரு. ஆனா அவருக்கு எம்பத்தஞ்சு” என்றாள். இன்னும் மூன்று நாலு பேர் மெதுவாக வந்து காதோடு சொல்லிவிட்டுப் போனார்கள். இத்தனை பெண்கள் இதை வெளியே சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். வேடிக்கை பார்க்கப் போன எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அநேகமா, செல்வம், நான் மூவரும் பஸ் பிடித்துச் செம்பவாங் போனோம். தனபாக்கியம் அம்மா காப்பி கொடுத்தார். மாணிக்கம் ஒரு மூலையில் பதுங்கி உட்கார்ந்திருந்தார். அநேகமா முதலில் உள்ளதைச் சொன்னார். பெண் பிறந்தது அநேகமாகக் கேட்டையில். செல்வம் தரையைப் பார்த்தான். அடுத்து மார்க்கெட்டில் கேட்டதையெல்லாம் சொன்னார். பூக்காரி, தயிர்க்காரி, அவர்களுடைய மச்சாண்டார்களின் ஆரோக்கியம்.

“இன்னும் ரெண்டு மூண்டு சாட்சி கிடைச்சால் நல்லது” என்று முடித்துவிட்டு, வழக்கப்படி கேட்டும் விட்டார். “அம்மா, உங்கட நட்சத்திரம் என்ன?”

தனபாக்கியம் அம்மா சட்டென்று திரும்பினார். அடுப்படிக்குப் போனார். போனவர் வரவே இல்லை. செல்வம் எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று யோசித்தான். அப்போது உள்ளிருந்தே குரல் வந்தது.

“கேட்டை.”

மாணிக்கத்தின் தலை நிமிர்ந்தது. அம்மா வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.

“எங்கப்பா ரோகிணின்னு மாத்திச் சொல்லிக் கட்டி வெச்சாரு. உங்கப்பாவுக்கே தெரியாது. உங்க பெரியப்பா ஊர்ல இருந்தாரு, நாங்க கப்பலேறி இங்க வந்துட்டோம். ஊர்லேருந்து தந்தின்னு யாராவது சொன்னா எனக்கு உசிரே போயிடும். அந்த மனுசனுக்கு ஏதோ ஆயிடுச்சு, என்னாலதான் ஆயிடுச்சுன்னு. கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்தப் பயத்தோடதான் தூங்கி முழிச்சேன். உங்கப்பாகிட்டகூட வாயத் தொறக்கல.”

அநேகமா மிகவும் மெதுவாகக் கேட்டார். “அவர் இப்ப எப்பிடி இருக்கிறார் அம்மா?”

“கெழவனுக்கென்ன? போன மாசம்கூட வரப்புத் தகராறுல நாலு பேரை அடிச்சுட்டு வந்திருக்கான்!”

சொன்ன வேகத்தில் அவருக்கே சிரிப்பு வந்தது. சிரித்தார், அதோடு அழுதார். செல்வம் போய் அம்மாவைப் பிடித்துக்கொண்டான். எனக்கும் கண்ணில் ஏதோ விழுந்த மாதிரி இருந்தது. எல்லாம் நல்லபடியாக முடிகிற அந்த நேரத்தில், அநேகமா காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

“ஆனா அம்மா, ஒரு உண்மையைச் சொல்லவேணும். இவ்வளவு கொஞ்ச அளவையளை வச்சு முடிவா ஒண்டும்…”

“நீங்க பேசாம காப்பியைக் குடிங்க லா!” என்று இடி இடித்தது. மாணிக்கம். அவர் ஒரு முழு வாக்கியம் பேசி நாங்கள் கேட்டது அன்றுதான். “எனக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா ஆயிட்டுப் போவுது. அந்தப் பொண்ணை முதல்ல கூட்டிட்டு வாங்க.”

தனபாக்கியம் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பத்திரிகைல கேட்டைன்னே போடச் சொல்லுங்க. மறைக்க வேணாம். நான் பட்டது போதும்.”

கல்யாணப் பத்திரிகையில் நட்சத்திரம் போடுகிற வழக்கம் கிடையாது என்று புரோகிதர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அந்த அம்மாள் கேட்கவில்லை. போட்டார்கள். கமலாதான் அதை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தாள். பூக்கட்டுகிற அம்மாள் முகூர்த்த மாலையைத் தன் கையால் கட்டிக் கொடுத்தாள்.

அடுத்த வருஷம் கமலா தலைப்பிரசவத்துக்கு எருமை ரோட்டுக்கு வந்தாள். வலி கண்டுவிட்டது என்று செய்தி வந்ததும் அநேகமா அலுவலகத்தில் அரை நாள் லீவு போட்டார். அவர் லீவு போட்டு அதுவரை யாரும் பார்த்ததில்லை. இரவலாக மூன்று கடிகாரங்களைக் கொண்டுவந்து, பிரசவத்துக்காக அன்று நிறுத்தி வைத்திருந்த மில்லின் மாடிப்படிக்குக் கீழே வரிசையாக வைத்தார். ஒன்று நின்றாலும் மற்ற இரண்டு இருக்கும். வானொலியில் மணி சொன்னபோது மூன்றையும் சரிபார்த்துக்கொண்டார். இந்தப் பிள்ளை பிறந்த நேரத்தில் ஒருத்தனுக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று எங்களிடம் கண்டிப்பாகச் சொன்னார். பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டார். மாணிக்கம் அவர் பக்கத்தில் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். செல்வம் தெருவுக்கும் மில்லுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

மத்தியான வெயில் தாழ்கிற சமயம் மேலே கமலா ஒரு தடவை பெரிதாக அலறினாள். அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. அநேகமாவின் முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு நிமிஷம் கழித்து, பிள்ளை வீறிட்டு அழுதது.

மனிதர் பென்சிலைப் போட்டுவிட்டு எழுந்தார். காலில் தட்டி ஒரு கடிகாரம் உருண்டது. அதை மிதித்துக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடி, மூடிய கதவைத் தட்டினார்.

“தாய் சுகமோ? அதைச் சொல்லுங்கோ! தாய் சுகமோ?”

“சுகம், சுகம்! பொம்பளப் புள்ள!” என்று அத்தை உள்ளிருந்து கத்தினாள்.

அவர் அந்த மேல்படியிலேயே உட்கார்ந்து, சட்டைக் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மாணிக்கம் அவர் முதுகைத் தட்டிக்கொண்டே தானும் அழுதார். கடைசியில் புரோகிதர் வந்து மணி என்ன என்று கேட்டபோதுதான் எங்களுக்கு நினைவே வந்தது. ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கமலாவின் மகளுக்கு இன்றுவரை ஜாதகம் கிடையாது. அவள் பிறந்த நேரத்தைத் தவறவிட்ட அந்த மனிதரை நினைக்காமல், எருமை ரோட்டில் அந்தப் படியைத் தாண்டி என்னால் போக முடிவதில்லை.